அப்பறம் அந்த சிலந்தி என்னாச்சு?

காலைல அஞ்சே முக்கால் இருக்கும், பால் பொங்கறதுக்காக அடுப்புகிட்ட நின்னுட்டிருக்கேன், அத்தை வந்து சேர இழுத்துப் போட்டு உக்காந்து மொதல்ல கேட்டது இதத்தான். முந்தின நாள் ராத்திரி எறும்புக் கூட்டம் சிலந்திங்க ஊருக்குள்ள நுழையற எடத்துல கதைய நிறுத்திட்டு எனக்கு தூக்கம் வருது அத்தைன்னு எழுந்து போயிட்டேன், அவங்களுக்கு ராத்திரி பூரா அதே நெனப்பா இருந்திருக்கு போல.

அத்தைன்னா எங்க அப்பாவோட அக்கா. 74 வயசு, தொடக்கப் பள்ளி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ரெண்டு வருஷமா உறையூர்ல எங்க வீட்லதான் இருக்காங்க. சர்க்கரைனால கண்ணுல ரெட்டினா கெட்டுப்போச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு, இப்ப பெரிய எழுத்தா இருந்தா பத்து நிமிஷம் படிப்பாங்க, அதுக்கு மேல கண்ணுல தண்ணி வந்துரும். ஒரு காலத்துல வீட்ல வர்ற பத்திரிகைய அவங்க படிச்சு முடிச்சாத்தான் மத்தவங்க கைக்கே வரும்னு அப்பா சொல்வாரு. 80கள்ல ஆனந்த விகடன்ல சுஜாதா எழுதின என் இனிய இயந்திராவ வாராவாரம் பக்கம் பக்கமா கிழிச்சு சேத்து வச்சு பைண்டு பண்ணி வச்சிருக்காங்க, இன்னும் பரண்ல இருக்கு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு ஆனா தூக்கிப் போட விடமாட்டாங்க.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிண்டில வச்சுக்கிட்டு அப்படி என்னதாண்டி படிக்கறன்னு ஒரு நாள் கேட்டாங்க. சொன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்சது, இப்ப சாப்பிட்டு முடிச்சு எட்டரை மணிக்கு மொட்டை மாடில பாய் போட்டா ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம், நான் படிச்சத அப்படியே தமிழ்ல வாயால சொல்றேன். பேண்டசி சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிக்கற நம்ம ஆளுங்க இப்ப ஒருத்தருக்கு ஒருத்தர் படி படின்னு நெட்டித் தள்ளற புத்தகங்கதான் பெரும்பாலும், நடுவுல பழசும் வரும், ஏன்னா இந்த வகைய படிக்கறவங்க புதுசு ஒண்ணு முடிச்சா பழசு ஒண்ணுக்குத் திரும்பாம இருக்க மாட்டாங்க. அதனால இந்த வருஷம் என்ன படிக்கறேன்னு கேட்டவங்களுக்கு எல்லாம் இங்கயே பதில் எழுதிடறேன், ஆனா படிச்சப்ப எப்படி இருந்துச்சுங்கறத விட சொன்னப்ப எப்படி இருந்துச்சுங்கறதத்தான் எழுதணும்னு தோணுது, ஏன்னா வாய்விட்டு சொல்லும்போதுதான் புத்தகம் வேற மாதிரி தெரியுது.

சிலந்தி கதை ஆட்ரியன் சாய்கோவ்ஸ்கியோட சில்ட்ரன் ஆஃப் டைம். 2015ல வந்தது, 2016ல ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கினது, இன்னும் யாராவது எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா மொதல்ல நீட்டப்படற புத்தகங்கள்ல ஒண்ணு. மனுஷங்க ஒரு கிரகத்த தயார் பண்ணி அங்க குரங்குகள விட்டு ஒரு வைரஸ் மூலமா அதுங்கள புத்திசாலியா வளக்கலாம்னு திட்டம் போடறாங்க, குரங்கு போய்ச் சேரல, வைரஸ் மட்டும் போய்ச் சேந்துருது, அது போய் புடிச்சுக்கறது சிலந்திங்கள. அப்பறம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு அந்த சிலந்திங்களோட சரித்திரம், இன்னொரு பக்கம் பூமிய விட்டு ஓடி வர்ற கடைசி மனுஷங்களோட கப்பல். சாய்கோவ்ஸ்கி விலங்கியல் படிச்சவர், அது ஒவ்வொரு பக்கத்துலயும் தெரியும், வலையோட அதிர்வுதான் அதுங்களுக்கு பேச்சு.

இதுல ஒரு விஷயம் இருக்கு, தலைமுறை மாறிக்கிட்டே இருக்கும் ஆனா முக்கியமான சிலந்திங்க பேரு மாறாது. எப்பவும் ஒரு போர்ஷியா, ஒரு பியான்கா, ஒரு ஃபேபியன். மொத தடவ படிச்சப்ப நான் குழம்பி ரெண்டு தடவ பின்னாடி போய் பாத்தேன், செத்துப் போனது திரும்ப எப்படி வந்துச்சுன்னு. அத்தை ஒரு நொடி கூட குழம்பல. "பேத்திதானே, பாட்டி பேரு வச்சிருக்கும்"னுட்டாங்க. பேரனுக்கு பேரன்னு பேரு வந்ததே தாத்தா பேர தாங்கறதாலதானே, பழைய தமிழ்ல பெயரன்னே சொல்லுவாங்க. மூதாதை கத்துக்கிட்டது ரத்தத்துல இறங்கி பேத்திக்கு வருங்கறதுதான் அந்த நாவலோட அடிப்படையே, அறிவு மரபணுல இறங்கும், கத்துக்க வேண்டியதில்ல. இத விளக்கறதுக்கு நான் பத்து நிமிஷம் தயார் பண்ணி வச்சிருந்தேன், தேவையே படல.

ஆண் சிலந்திங்களுக்கு அந்த சமூகத்துல மதிப்பு இல்ல, பொண்ணுங்க தோணினா கொன்னுரலாம், அத எதுத்து ஃபேபியன்னு ஒண்ணு உரிமை கேக்கற எடம் வந்தப்ப அத்தை ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "இப்ப புரியும் ஆம்பளைங்களுக்கு"ன்னாங்க, அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு "ஆனா பாவம் அது"ன்னாங்க. அந்த ரெண்டு வாக்கியத்த விட நல்ல விமர்சனம் அந்த புத்தகத்துக்கு நான் எங்கயும் படிச்சதில்ல, நிஜமா சொல்றேன்.

அடுத்தது லியூ சிசினோட த்ரீ பாடி ப்ராப்ளம். 2006ல சீனால ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்திரிகைல தொடரா வந்தது, 2014ல கென் லியூ இங்கிலீஷுக்கு கொண்டு வந்தாரு, 2015ல சிறந்த நாவலுக்கான ஹியூகோ, இந்த வகை எழுத்துக்கு குடுக்கற பெரிய விருது, மொழிபெயர்ப்பு நாவல் ஒண்ணு அந்த விருத வாங்கினது அதுதான் மொத தடவ. எழுதினவர் மின் நிலையத்துல இஞ்சினியரா வேல பாத்தவர். சீனப் புத்தகத்துல மாவோ காலத்து கலாச்சாரப் புரட்சி அத்தியாயங்க நடுவுல வரும், இங்கிலீஷ்ல அத தூக்கி மொதல்ல வச்சாங்க. வாயால சொல்றவளுக்கு அந்த மாத்தம் எவ்வளவு பெரிய உதவின்னு இப்பத்தான் புரிஞ்சுது. 1967ல ஒரு பொண்ணு கண்ணு முன்னாடி அவ அப்பாவ, பிசிக்ஸ் புரஃபசர், மேடைல நிக்க வச்சு அடிச்சே கொல்றாங்க, அதே மேடைல அவ அம்மாவே புருஷனுக்கு எதிரா பேசறா. கதைல பின்னாடி வர்ற வேற்றுக்கிரகம் எல்லாம் அத்தைக்கு அப்பறம்தான், அந்த அம்மாகிட்டயே மூணு நாள் நின்னுட்டாங்க. கட்டினவன காட்டிக் குடுத்துட்டு அவளால எப்படி சோறு திங்க முடிஞ்சுது, அந்தப் பொண்ணு மறுபடி அவள பாத்தாளா, இதான் கேள்வி. அந்தப் பொண்ணு பின்னாடி என்ன முடிவு எடுக்கறாங்கறதுக்கு இந்தக் கேள்விதான் வேர்னு எனக்கும் அப்பத்தான் சரியா உறைச்சுது.

இந்த நாவல்ல ஒரு எடம் வரும், கதைக்குள்ள ஆடற ஒரு கம்ப்யூட்டர் கேம்ல, பழைய சீனாவோட சின் ஷி ஹுவாங் பேரரசரோட 3 கோடி சிப்பாய்ங்க மைதானத்துல நின்னு, கருப்பு வெள்ளை கொடி தூக்கி இறக்கியே ஒரு கம்ப்யூட்டரா வேல செய்வாங்க. இத வெறும் வார்த்தைல சொல்லி புரியவைக்க முடியல. அண்ணன் பசங்க ரெண்டு பேரும் லீவுக்கு வந்திருந்தாங்க, ஆளுக்கு ஒரு வெள்ளை கர்சீப்பு, கிழிஞ்ச கொடைலருந்து வெட்டின ஒரு கருப்புத் துணி குடுத்து முன்னாடி நிக்க வச்சேன், பின்னாடி அத்தை. ரெண்டு பேரும் கருப்பு தூக்கினா மட்டும் நீங்க கருப்பு தூக்கணும், இல்லன்னா வெள்ளை. நாலஞ்சு தடவ பண்ணோம். அப்பறம் விதிய மாத்தினேன், யாராவது ஒருத்தர் கருப்பு தூக்கினாலே நீங்களும் கருப்பு. சின்னவன் அவசரத்துல ரெண்டையும் தூக்குவான், அத்தை ஒழுங்கா நில்லுடான்னு அதட்டுவாங்க, பழைய டீச்சர் திரும்பி வந்துட்டாங்க. "இத வச்சு கணக்கு போட முடியுமா?"ன்னு கேட்டாங்க. ஆள் நிறைய இருந்தா முடியும் அத்தை, உங்க கைல இருக்கற போனுக்குள்ள இதேதான் நடக்குதுன்னேன். போன திருப்பித் திருப்பி பாத்தாங்க. அந்த ராத்திரிய நான் மறக்க மாட்டேன்.

எல்லாமே சொல்ல வரலங்கறதும் உண்மை. பிராண்டன் சாண்டர்சனோட ஸ்டார்ம்லைட் வரிசைல அஞ்சாவது, விண்ட் அண்ட் ட்ரூத், 2024 டிசம்பர்ல வந்துச்சு, 1300 பக்கத்துக்கு மேல, எனக்கு உயிர், ஆனா அந்த பேருங்க, அந்த சத்தியங்க, யார் எந்த உலகத்துலருந்து வந்தாங்கங்கற கணக்கு, இத மொட்டை மாடில வச்சு சொல்ல என்னால முடியல, அது தனியா உக்காந்து குறிப்பு எழுதிக்கிட்டு படிக்கற சந்தோஷம். சூசன்னா கிளார்க்கோட பிரனேசி அதுக்கு நேர் எதிர், சின்னப் புத்தகம், 2020ல வந்து 2021ல விமென்ஸ் பிரைஸ் வாங்கினது. முடிவே இல்லாத மண்டபம், மண்டபத்துக்கு அந்தப்பக்கம் மண்டபம், எங்க பாத்தாலும் செலைங்க, கீழ் தளத்துல கடல் ஏறி எறங்குது, மேல் தளத்துல மேகம், நடுவுல ஒரே ஒருத்தன். ஸ்ரீரங்கம் ஆயிரங்கால் மண்டபத்துல நடை சாத்தினப்பறம் நீங்க மட்டும் மாட்டிக்கிட்டீங்கன்னு வச்சுக்கங்க அத்தை, கொள்ளிடம் பெருகி உள்ள வருதுன்னேன். போதும், அடுத்த மூணு நாளும் அந்த மண்டபத்துலதான் இருந்தோம்.

என்.கே. ஜெமிசினோட ஃபிஃப்த் சீசன்தான் என்ன ரொம்ப யோசிக்க வச்சது. மூணு பாகக் கதைல அது மொத பாகம், 2016, 17, 18ன்னு தொடர்ந்து மூணு வருஷம், மூணு பாகத்துக்கும் ஹியூகோ, அதுக்கு முன்னாடி யாரும் பண்ணாத விஷயம். அந்தக் கதைல ஒரு இழை பூரா முன்னிலைல எழுதியிருக்கும், நீ நடக்கற, நீ பாக்கறன்னு. இங்கிலீஷ்ல அது படிக்கறவங்கள சட்டைய புடிச்சு உள்ள இழுக்கும். கதை ஆரம்பிக்கறதே ஒரு அம்மா வீட்டுக்குள்ள வர்றா, சின்னப் பையன் செத்துக் கெடக்கான், அடிச்சது பெத்த அப்பன். நான் அத்தைய நீங்கன்னுதான் கூப்பிடுவேன். இப்ப இத எப்படி சொல்றது? "நீங்க வீட்டுக்குள்ள போறீங்க, உங்க புள்ள..." அதுக்கு மேல வாய் வரல. அவங்களுக்கு ஒரே மகன், துபாய்ல இருக்கான். எதுக்க உக்காந்திருக்கற மனுஷி மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தைய சொல்ற பழக்கம் நம்ம வீட்ல கெடையாது, கதைக்குன்னாலும் கெடையாது, கெட்ட வார்த்தை வாய்ல வந்தா தேவதை அப்படியே ஆகட்டும்னு சொல்லிரும்னு சொல்லி வளத்தவங்களே அவங்கதான். "ஒருத்தி இருந்தா"ன்னு மாத்திட்டேன்.

மாத்தினதும் கதை பாதி பலம் போச்சு, எனக்கே தெரிஞ்சுது. ஜெமிசின் ஏன் அப்படி எழுதினாங்கன்னும் அப்பத்தான் முழுசா புரிஞ்சுது, அவங்க செய்யறது அந்த கூடாத விஷயத்தத்தான், உன் புள்ளன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க, கறுப்பினத்து அம்மாக்களோட பயத்த தூரத்துல இருந்து பாத்து உச்சுக் கொட்டிட்டு போக விடமாட்டேங்கறாங்க. இங்கிலீஷ்ல படிச்சப்ப அது எனக்கு எழுத்து நுட்பமா தெரிஞ்சுது. தமிழ்ல என் நாக்கு நின்னப்பதான் வலிச்சுது.

வஜ்ர சந்திரசேகரவோட த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ் பத்தி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆசை தீராது. கொழும்புக்காரர், மொத நாவல், 2023ல வந்துச்சு, சிறந்த நாவலுக்கான நெபுலா விருது வாங்கிச்சு. பொறந்த உடனே ஒரு குழந்தையோட நிழல அதோட அம்மா ஆணி அடிச்சு தரைல நிறுத்தி பிச்சு எறிஞ்சிடறா, நிழல் இல்லாம வளர்ற அந்தப் பையன அப்பன கொல்றதுக்காகவே வளக்கறா. அப்பன் யாருன்னா ஊர் உலகமே கும்பிடற மகான். பையன் பேரு ஃபெட்டர். நான் அத்தைக்கு சொல்லும்போது இங்கிலீஷ் பேரு வாய்ல ஒட்டல, ஃபெட்டர்னா கால்ல மாட்டற தளை, அதனால தளைன்னே பேரு வச்சு சொன்னேன். ரெண்டாவது நாளே அத்தை "ராகுலனா?"ன்னு கேட்டாங்க. புத்தர் வீட்ட விட்டுப் போனப்ப விட்டுட்டுப் போன புள்ள, அந்தப் பேருக்கு தளைன்னு அர்த்தம் சொல்ற வழக்கம் உண்டு. சரியா புடிச்சுட்டாங்க. மணிமேகலையும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த புத்தர் கதைங்களும் அவங்களுக்கு உள்ளயே ஊறிக் கெடக்கு, இங்கிலீஷ் பேசற நாட்டுல படிக்கற ரசிகர்கள் குறிப்பு தேடிப் போய் தெரிஞ்சுக்கறத அத்தை பாய்ல சாஞ்சுக்கிட்டே கண்டுபிடிச்சாங்க.

அந்தப் பையன் லூரியட்ங்கற நகரத்துக்கு வர்றான். அங்க ரொம்ப நாள் மூடியே இருக்கற கதவு எதுவா இருந்தாலும் ஒரு நாள் பளபளக்கற கதவா மாறிடலாம், அப்பறம் அத தொறக்கவே முடியாது, அந்தப்பக்கம் போய் பாத்தா கதவே இருக்காது. அதே ஊர்ல ஆளுங்கள இனம் சாதின்னு காகிதத்துல பிரிச்சு எழுதற ஆபீஸ், கொள்ளை நோய்னு சொல்லி அடைச்சு வைக்கற முகாம், திடீர்னு தெருவுல எறங்கி ஆள் தேடி அடிக்கற கும்பல், அடுத்த நாளே ஒண்ணும் நடக்காத மாதிரி கடை தொறக்கற தெரு. இலங்கைங்கற பேரு எங்கயும் வராது, தமிழ் படிக்கறவங்களுக்கு வர வேண்டியதும் இல்ல. ஒரு சிங்களப் பேர் உள்ள எழுத்தாளர் அந்த அதிகாரத்தையும் அதுக்குப் பின்னாடி நிக்கற மதத்தையும் இவ்வளவு நேரா பாத்து எழுதறாருங்கறது எனக்கு பெரிய விஷயம், அத இங்க மறைக்காம சொல்லணும்னு நெனைக்கறேன்.

முகாம் அத்தியாயம் சொன்ன அன்னிக்கு அத்தை நடுவுல நிறுத்திட்டாங்க. கொட்டப்பட்டு இலங்கை அகதி முகாம்ல இருந்து வந்த பசங்க அவங்க கிளாஸ்ல படிச்சிருக்காங்க, எனக்கு இது அதுவரைக்கும் தெரியாது. "அதுல ஒரு பொண்ணு எப்பவும் வாசலுக்கு பக்கத்து பெஞ்சுலதான் உக்காரும், மாத்தி உக்கார வச்சா அழும். கதவு காத்துல சாத்திக்கிச்சுன்னா எழுந்து போய் தொறந்து வச்சுட்டு வரும். நான் திட்டியிருக்கேன்"ன்னாங்க. அப்பறம் அன்னிக்கு கதை சொல்லல. கீழ எறங்கி வரும்போது மாடிக் கதவ சாத்தாம வந்தாங்க, நானும் சாத்தல.

அதுக்கப்பறம் கொஞ்சம் லேசா ஏதாவது வேணும்னு ராபர்ட் ஜாக்சன் பென்னட்டோட டெயின்டட் கப் எடுத்தேன், 2025ல ஹியூகோ வாங்கினது. ஒரு அதிகாரி உடம்புக்குள்ளருந்து மரம் வெடிச்சு மொளச்சு செத்துக் கெடக்கான், யார் பண்ணாங்கன்னு துப்பறியறதுதான் கதை, வெளிய மழைக்காலத்துல கடல்லருந்து பூதாகாரமான மிருகங்க கரையேறி வந்து மதில இடிக்கும். துப்பறியற அம்மா, பேரு அனா டோலப்ரா, பெரும்பாலும் கண்ணக் கட்டிக்கிட்டே உக்காந்திருப்பாங்க, அவங்களுக்காக ஓடியாடி எல்லாத்தையும் பாத்து ஒண்ணு விடாம ஞாபகம் வச்சுட்டு வந்து சொல்ற உதவியாள் பையன் டின். அத்தைக்கு இந்தம்மாவ ரொம்பப் புடிச்சுப் போச்சு. "கண்ணு எதுக்குடி, சொல்றவ சரியா சொன்னா போதும்"னு சொல்லி என் கைய தட்டிக் குடுத்தாங்க. அதுக்கப்பறம் எந்தக் கதைய சொன்னாலும் ஒரு விவரத்தையும் விடக்கூடாதுன்னு எனக்குள்ள ஒரு கவனம் வந்துருச்சு, செவுத்து கலர் உட்பட குறிச்சு வச்சுக்கறேன்.

மார்த்தா வெல்ஸோட மர்டர்பாட் பத்தி சுருக்கமா. தன்ன அடக்கி வைக்கற கருவிய தானே உடைச்சுக்கிட்ட ஒரு காவல் இயந்திரம், தப்பிச்சு ஓடாம 35,000 மணி நேரம் சீரியலும் படமும் பாக்குது. "நம்ம ஜீனோ மாதிரியா?"ன்னு மொத கேள்வி, பரண்ல இருக்கற அந்த பைண்டு புத்தகத்து இயந்திர நாய அவங்க மறக்கவே இல்ல. தமிழ்ல அத அதுன்னு சொல்றது ரொம்ப இயல்பா இருந்துச்சு, அதுக்கும் அதான் வேணும், யாராவது மனுஷன்னு கூப்பிட்டா அதுக்கு ஒட்டாது.

இந்த அவன் அவ அது பிரச்சனைதான் இப்ப ஓடிட்டிருக்கற புத்தகத்துல பெருசா வந்து நிக்குது. உர்சுலா லெ குவினோட லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ், 1969. இன்னிக்கும் வருஷா வருஷம் புதுசா யாராவது படிச்சுட்டு வந்து தூக்கம் போச்சுன்னு சொல்ற புத்தகம். கெத்தன்னு ஒரு பனி கிரகம், அங்க யாரும் நிரந்தரமா ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, மாசத்துல சில நாள் மட்டும் ஏதோ ஒண்ணா மாறுவாங்க, எதுவா மாறுவோம்னு முன்கூட்டியே தெரியாது, ஒரே ஆள் ஒரு குழந்தைக்கு அப்பாவாவும் இன்னொரு குழந்தைக்கு அம்மாவாவும் இருக்கலாம். இத சொன்ன உடனே அத்தை கைய உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் நீட்டி "தாயுமானவர்"னாங்க. காவேரில வெள்ளம், பெத்த அம்மா வர முடியல, பிரசவ வலில துடிக்கற பொண்ணுக்கு சிவனே அம்மா உருவுல வந்து பிரசவம் பாத்தாருன்னு எங்க ஊர்ல எல்லா புள்ளைங்களும் கேட்டு வளர்ற கதை. ராஜா கர்ப்பமாகறாருங்கற எடத்துல வாசகர்கள் திகைச்சதா படிச்சிருக்கேன், எங்க மாடில யாரும் திகைக்கல.

ஆனா சொல்றதுல சிக்கல். லெ குவின் எல்லாரையும் இங்கிலீஷ்ல ஆண்பால்லயே எழுதிட்டாங்க. 1976ல ஒரு கட்டுரைல அத நியாயப்படுத்தினாங்க, 1987ல அதே கட்டுரைய எடுத்து வச்சுக்கிட்டு நான் நெனச்சது தப்புன்னு பக்கத்துலயே எழுதினாங்க, தன் எழுத்த இப்படி திரும்பி வந்து திருத்தின நேர்மைக்காகவே அவங்கள கும்பிடலாம். நமக்கு இதுக்கு வழி மொழிலயே இருக்கு. அவங்க. வந்தாங்க, போனாங்க, சொன்னாங்க. ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும், மரியாதையும் இருக்கும். ஆன் லெக்கி 2013ல ஆன்சிலரி ஜஸ்டிஸ்ல எல்லாரையும் பெண்பால்லயே எழுதி அதிர வச்சாங்களே, அத தமிழ்ல சொல்லணும்னா அவங்கன்னு சொல்லவே கூடாது, படைத்தலைவன்லருந்து எல்லாரையும் அவ வந்தா அவ போனான்னு சொன்னாத்தான் அந்த அதிர்ச்சி வரும். லெ குவினுக்கு அவங்க, லெக்கிக்கு அவ. இத யாராவது மொழிபெயர்க்க உக்காந்தா இதத்தான் மொதல்ல யோசிக்கணும்னு சொல்வேன்.

இவ்வளவும் தெரிஞ்சும் நான் எஸ்ட்ராவென, கெத்தன்ல ஒரு நாட்டோட பிரதம மந்திரி, அவருன்னுதான் ஆரம்பிச்சேன். கதைய சொல்ற ஜென்லி பூமிலருந்து வந்த ஆம்பளை, அவனுக்கு மொதல்ல எல்லாரும் ஆணாத்தான் தெரியறாங்க, எஸ்ட்ராவென் மேல நம்பிக்கையும் வரல, அந்த கண்ணு அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன். அத்தையும் அவருன்னே கேட்டுட்டு வந்தாங்க. பத்து நாள் ஆச்சு. நாடு கடத்தல், சிறைமுகாம், அங்கருந்து தூக்கிட்டு தப்பிச்சு ஓடறது, இப்ப ரெண்டு பேரும் பனிப் பாலைவனத்துல இழுவண்டிய இழுத்துக்கிட்டு போறாங்க, கூடாரத்துக்குள்ள சின்ன அடுப்பு, வெளிய புயல். ஒருத்தர ஒருத்தர் உண்மையா பாக்கறது அந்தக் கூடாரத்துல வச்சுத்தான். நேத்து அந்த எடத்த சொன்னேன், நான் எதையும் மாத்தல, அவருன்னேதான் சொல்லிட்டு வந்தேன்.

முடிச்சுட்டு பாய சுருட்டினேன். அத்தை எழுந்திருக்காம கொள்ளிடம் பக்கம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அப்பறம் கேட்டாங்க, "எஸ்ட்ராவென் சாப்ட்டாங்களா?"